கறுப்புக் கண்ணாடியில் வட்டு தாமதமாகத் தெரிகிறது: எந்த ஒளிக்கு எந்த நிற லென்ஸ்?

ஓராண்டு_டிராப்:
எல்லோருக்கும் வணக்கம். டிராப், அதாவது எந்திரம் எதிரே வீசி எறியும் வட்டைப் பறக்கும்போதே ஷாட்கன்னால் சுடுவது, ஆரம்பித்து ஓராண்டு ஆகிறது. நான்கு மாதம் முன்பு, வெயிலில் கண் கூசுகிறதே என்று அடர்ந்த சாம்பல் நிற லென்ஸ் போட்ட சுடுதல் கண்ணாடி ஒன்று வாங்கினேன். உச்சி வெயிலில் சுகமாகத்தான் இருக்கிறது. சிக்கல் மாலையில். சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிய பிறகு வட்டு கிளம்புவதே தெரிவதில்லை. மரவரிசையைத் தாண்டி வானத்துக்கு ஏறிய பிறகுதான் கண்ணில் படுகிறது. அதற்குள் பாதி தூரம் போய்விடுகிறது. மதியம் 25 வட்டுக்கு 19, 20 அடிக்கிறவன் மாலையில் 13-க்கே திணறுகிறேன்.

கூடச் சுடுகிற ஒருவர் தன் மஞ்சள் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மாலையில் அருமை. மறுநாள் மதியம் அதையே போட்டேன், பத்து நிமிடத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. விற்பவர்களின் பட்டியலில் பன்னிரண்டு நிறம் இருக்கிறது, ஒவ்வொன்றும் எல்லா ஒளிக்கும் ஏற்றதாம். உண்மையில் எத்தனை லென்ஸ் வேண்டும்? எதைப் பார்த்து நிறத்தை முடிவு செய்வது? வாரம் ஒருநாள் உள்ளரங்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலும் சுடுகிறேன், அதற்கும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

தோட்டா_மிச்சம்:
மஞ்சள் ஒன்று, கறுப்பு ஒன்று. முடிந்தது. மீதிக் காசுக்குத் தோட்டா வாங்குங்கள்.

லென்ஸ்_மேசை:
லென்ஸ் வெட்டிப் பொருத்துவது என் தொழில், ஓய்வு நாளில் ஸ்கீட் (வட்டு குறுக்கே பறக்கும் போட்டி). தோட்டா மிச்சம் சொல்வது பாதி சரி. ஆனால் தம்பி, நீங்கள் நிறத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். உங்களைக் கவிழ்த்தது நிறம் இல்லை, அடர்த்தி.

லென்ஸின் மேல் விழும் ஒளியில் எத்தனை சதவீதம் கண்ணுக்கு வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. குளிர்கண்ணாடிகளுக்கான சர்வதேசத் தரம் இதை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. 80-க்கு மேல் விட்டால் வகை 0. 43 முதல் 80 வரை வகை 1. 18 முதல் 43 வரை வகை 2. 8 முதல் 18 வரை வகை 3. 3 முதல் 8 வரை வகை 4. இதைப் போட்டுக்கொண்டு வண்டியே ஓட்டக்கூடாது. கடையில் சும்மா குளிர்கண்ணாடி என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் வகை 3. உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). 12 சதவீத லென்ஸ் வழியே 12,000. கண்ணுக்கு வசதியான வெளிச்சம். சூரியன் இறங்கிய பிறகு மரநிழலில் 1,000 லக்ஸ் என்று வையுங்கள். அதே லென்ஸ் வழியே 120. அதாவது மாலையில் வீட்டுக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வெளிச்சத்தில், நிழலுக்கு முன்னால் பறக்கும் வட்டைத் தேடுகிறீர்கள். மஞ்சள் லென்ஸ் மாலையில் அருமையாக இருந்ததற்குப் பெரிய காரணம் அது மஞ்சளாக இருந்தது அல்ல, 80 சதவீதத்தை உள்ளே விட்டது. ஒன்றுமே இல்லாத வெறும் லென்ஸ் போட்டிருந்தாலும் உங்கள் ஸ்கோர் ஏறியிருக்கும்.

என் வழக்கம் இது: கண்ணைச் சுருக்காமல் வானத்தைப் பார்க்க எவ்வளவு அடர்த்தி போதுமோ அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். நிறத்தை அதற்கு அப்புறம் பேசலாம்.

ஓராண்டு_டிராப்:
சார், என் கண்ணாடியில் வகை எண்ணே போடவில்லை. எத்தனை சதவீதம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லென்ஸ்_மேசை:
கடையில் அளக்கும் கருவி இருக்கும், கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். வீட்டில் என்றால் செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். பல போன்களில் ஒளி உணரி மேல் விளிம்பில், காது வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஜன்னல் ஓரம் அசையாமல் வைத்து ஒரு அளவு, லென்ஸை அதன் மேல் ஒட்ட வைத்து இன்னொரு அளவு. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் தோராயமான சதவீதம் வந்துவிடும். மேகம் ஓடிக்கொண்டிருக்கும் நாளில் செய்யாதீர்கள், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்லும்.

பழைய_இரட்டைக்குழல்:
அடர்த்தி பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. முப்பது வருடமாக டிராப் சுடுகிறேன், அதில் முதல் பத்து வருடம் கறுப்புக் கண்ணாடியோடு வீணாகப் போனது.

நிறத்துக்கு வருகிறேன். எல்லோரும் வானத்தைப் பார்த்து லென்ஸ் எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது வட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று. ஆரஞ்சு வட்டு பச்சை மரத்துக்கு முன்னால் பறக்கிறதா, நீல வானத்தில் பறக்கிறதா, மேகத்தில் பறக்கிறதா, மண்மேட்டுக்கு முன்னால் பறக்கிறதா? நான்கும் நான்கு கதை.

லென்ஸ் எதையும் கூட்டாது, கழிக்க மட்டும்தான் தெரியும். ஆகவே பின்னணியைக் கழித்து வட்டை விட்டுவைக்கிற நிறம் எதுவோ அதை எடுக்க வேண்டும். பின்னால் மரமா? பச்சையைக் கழிக்கும் ஊதா அல்லது ரோஸ். மரம் மங்கிப் பழுப்பாகிவிடும், ஆரஞ்சு தனியாக நிற்கும். பின்னால் தெளிந்த நீல வானமா? நீலத்தைக் கழிக்கும் வெர்மிலியன் (ஆரஞ்சு கலந்த சிவப்பு), அம்பர் (தேன் நிறம்), பிரவுன். வானம் ஒரு படி இருளும், வட்டு எரியும். இதை மாற்றிப் போட்டால் பலன் இல்லை. ஒருமுறை பெரிய போட்டிக்கென்று ஆசையாக ஊதா லென்ஸ் வாங்கிப் போனேன். அந்த ரேஞ்சில் கண்ணுக்கு எட்டிய வரை மரமே இல்லை, முழு நீல வானம். ஊதா லென்ஸ் நீலத்தையும் விடும், சிவப்பையும் விடும். வானம் அப்படியே பளீரென்று இருந்தது, வட்டுக்கு ஒரு லாபமும் இல்லை. அன்று சுட்டதை இங்கே எழுத மாட்டேன்.

மண்மேடுதான் மோசம். செம்மண்ணுக்கு முன்னால் ஆரஞ்சு வட்டு பறந்தால் எந்தச் சிவப்பு லென்ஸும் இரண்டையும் சேர்த்தே தூக்கும். அங்கே லென்ஸை மாற்றுவதைவிட வட்டை மாற்றச் சொல்வது நல்லது. சர்வதேசச் சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்.-இன் விதிகளே கறுப்பு, வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு என்று பல நிறங்களை அனுமதிக்கின்றன. பின்னணியைப் பார்த்து வட்டின் நிறத்தை முடிவு செய்வது ரேஞ்ச் நடத்துகிறவர் வேலை, கேட்பதில் தப்பில்லை.

கறுப்பு வட்டு என்றால் இந்த நிற வித்தை எதுவும் செல்லாது. அதற்கு நிறம் இல்லை, நிழல் மட்டும்தான். பின்னால் இருக்கும் வானம் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறதோ அவ்வளவு நன்றாக வட்டு தெரியும். கண் கூசாத வரைக்கும் வெளிறிய லென்ஸ் போடுங்கள்.

மூன்றாம்_நிலை:
அண்ணே, ஆரஞ்சு வட்டு என்றாலும் டிராப்பில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அதன் பின்விளிம்புதானே? மேல் மூடியில்தான் பெயின்ட் இருக்கும். நம்மை விட்டு விலகிப் போகும்போது பக்கவாட்டு ஓரம் மட்டும் கோடு போலத் தெரியும்.

பழைய_இரட்டைக்குழல்:
நல்ல கேள்வி தம்பி. வட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர், உயரம் 25-ஐ ஒட்டி. 30 மீட்டர் தூரத்தில் அந்த அகலம் முழுநிலவின் அகலத்தில் பாதிகூட இல்லை. விளிம்பு மட்டும் தெரிந்தால் உயரம் நிலவில் பத்தில் ஒரு பங்கு. அதில் பெயின்ட் அடித்த பகுதி எவ்வளவு என்பது வட்டுக்கு வட்டு மாறும். மூடி மட்டும் ஆரஞ்சாக, விளிம்பு கறுப்பாக இருக்கிற வட்டு என்றால், தாழ்வாக நேரே போகும் வட்டில் ஆரஞ்சு ஒரு கீற்றுதான். நிறம் பிரிக்கும் லென்ஸ் அதற்குப் பெரிதாக உதவாது. பக்கவாட்டில் முகம் காட்டிப் போகும் ஸ்கீட் வட்டிலும், நிலைக்கு நிலை நடந்து போய்ச் சுடும் ஸ்போர்ட்டிங்கிலும்தான் நிறத்தின் லாபம் முழுசாகக் கிடைக்கும்.

தோட்டா_மிச்சம்:
எல்லாம் சரி, ஆனால் மஞ்சள் போட்டால் உலகமே பிரகாசமாகிறதே! மந்தார நாளில் போட்டுப் பாருங்கள், யாரோ சுவிட்சைப் போட்ட மாதிரி இருக்கும். லென்ஸ் எதையும் கூட்டாது என்றால் அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

லென்ஸ்_மேசை:
எங்கிருந்தும் வரவில்லை. போனில் அளந்து பாருங்கள், மஞ்சள் லென்ஸுக்குப் பின்னால் லக்ஸ் குறைந்துதான் இருக்கும். பிரகாசமாகத் தோன்றுவது வேறு, பிரகாசம் வேறு.

ஆனால் உங்கள் கண் ஏமாறுகிறது என்று மட்டும் சொல்லி ஒதுக்கவும் முடியாது. மஞ்சள் லென்ஸ் வெட்டி எறிவது நீலத்தை. காற்றில் சிதறிப் பனிமூட்டம் போலத் திரையிடும் ஒளியில் நீலத்தின் பங்கு அதிகம். காரணம், குறைந்த அலைநீளம் அதிகமாகச் சிதறும். அடுத்தது, நம் கண் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. பச்சை மஞ்சள் கூர்மையாக இருக்கும்போது நீலம் விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிந்து மங்கலான ஓரமாக விழும். இன்னொன்று: விழித்திரையின் நட்டநடுவில், நுட்பமாகப் பார்க்கிற அந்தச் சின்னப் புள்ளியில், நீலத்தை உணரும் கூம்பு செல்களே இல்லை. 30 மீட்டரில் இருக்கும் வட்டின் பிம்பம் அந்தப் புள்ளிக்குள்ளேயே அடங்கிவிடும் அளவுதான். ஆகவே நீலத்தை விட்டுக்கொடுத்தால் வட்டைப் பொறுத்தவரை இழப்பு கொஞ்சம், மூட்டம் குறைவதால் லாபம் கொஞ்சம். மந்தார நாளில், இளங்காலைப் பனியில் மஞ்சளுக்கு நான் எதிரி இல்லை.

இருட்டத் தொடங்கிவிட்டால் கதை மாறும். அப்போது ஒவ்வொரு துளி ஒளியும் வேண்டும். மங்கிய ஒளியில் வேலை செய்யும் குச்சி செல்களுக்கு நீலப்பச்சைதான் பிடித்த நிறம், மஞ்சள் லென்ஸ் அதில் கை வைக்கிறது. இரவில் வண்டி ஓட்ட மஞ்சள் கண்ணாடி உதவுமா என்று ஓட்டுநர் சிமுலேட்டரில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-ல் ஜாமா ஆஃப்தல்மாலஜி இதழில் வந்தது. சாலையில் நடப்பவரைக் கண்டுபிடிக்க அது உதவவில்லை. அந்தி நேரத்தில் நிறமில்லாத லென்ஸ், உள்பக்கம் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சோடு. அவ்வளவுதான்.

தோட்டா_மிச்சம்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு சந்தேகம். ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு வட்டு புற ஊதாவையும் நீலத்தையும் வாங்கித்தான் ஆரஞ்சாக ஒளிர்கிறது என்கிறார்கள். நீலத்தை வெட்டும் லென்ஸ் போட்டால் அந்த ஒளிர்வு செத்துவிடாதா?

லென்ஸ்_மேசை:
வட்டின் மேல் விழும் ஒளியை உங்கள் லென்ஸ் வெட்டவில்லை, உங்கள் கண்ணுக்கு வருவதை மட்டும்தான் வெட்டுகிறது. வட்டு அங்கே வானத்திலிருந்து நீலத்தை வாங்கி ஆரஞ்சாகத் திருப்பி அனுப்பிவிட்டது. லென்ஸுக்கு வந்து சேர்வது ஆரஞ்சு. மஞ்சளோ வெர்மிலியனோ அதைத் தாராளமாக விடும். மந்தார நாளிலும் பொழுது சாயும்போதும் ஒளிரும் பெயின்ட் தனியாக மின்னுவதும் இதனால்தான்: அப்போது மேலிருந்து வரும் ஒளியில் நீலத்தின் பங்கு கூடுதல்.

பத்தின்_உள்வட்டம்:
எல்லோரும் ஷாட்கன் பக்கமே நிற்கிறீர்கள். தம்பி பிஸ்டலும் கேட்டிருக்கிறார், அதை யாரும் தொடவில்லை.

10 மீட்டர் உள்ளரங்கில் நிற லென்ஸ் வேண்டாம். இலக்கின் மேல் குறைந்தது 1,500 லக்ஸ் விழ வேண்டும் என்பது விதி, வெள்ளை அட்டையில் கறுப்பு வட்டம் தானாகவே தெளிவாகத் தெரியும். அங்கே மல்லுக்கட்டு இலக்கோடு இல்லை, குழல் முனையில் இருக்கும் முன்குறியோடு. கையெட்டும் தூரத்தில் இருக்கும் முன்குறி ஊசி போலத் தெரிய வேண்டும், 10 மீட்டரில் இருக்கும் கறுப்பு வட்டம் சற்று மங்கினாலும் பரவாயில்லை. இரண்டையும் ஓரளவு சேர்த்துக் கூர்மையாக்கித் தருவது சுருங்கிய கண்மணி. நல்ல வெளிச்சத்தில் அது 2, 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கும். இருட்டு லென்ஸ் போட்டால் விரியும். கண்மணி இரண்டு மடங்கு அகன்றால் குவியாத பொருளின் மங்கலும் இரண்டு மடங்கு. அடர்ந்த லென்ஸைப் போட்டுக்கொண்டு குறி தெளிவாக இல்லையே என்று கண் மருத்துவரிடம் போன ஆளை எனக்குத் தெரியும். (நான்தான்.)

திறந்தவெளியில் பிஸ்டலோ, இரும்புக் குறி வைத்த ரைஃபிளோ சுடும்போதும் இதே கணக்குதான். வெயில் மிகுந்தால் மெல்லிய சாம்பல் அல்லது பிரவுன். அதற்கு மேல் கூசினால் லென்ஸை இன்னும் இருட்டாக்காமல் தொப்பி விளிம்பையும் பக்க மறைப்பையும் சரி செய்யுங்கள். கூச்சத்தில் பாதி ஓரத்திலிருந்து வருவது. ஃபிரேமில் ஐரிஸ் (துளையைச் சுருக்கி விரிக்கும் தகடு) பொருத்திக்கொள்கிறவர்கள் ஒளியை அதிலேயே கட்டுப்படுத்தலாம்.

மூடும் கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கண்ணை இறுக மூடினாலோ கறுப்புத் தகட்டால் மறைத்தாலோ மற்ற கண்ணின் கண்மணியும் சேர்ந்து விரியும், இரண்டும் இணைந்தே இயங்குபவை. ஆகவே ஒளி புகும் வெள்ளை மறைப்பு போடுங்கள். விதிப்படி 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் கூடாது. சுடும் கண்ணுக்கு மெல்லிய நிறம், மறு கண்ணுக்கு அடர்ந்த நிறம் என்று சிலர் போடுவார்கள். நான் முயன்று பார்த்துவிட்டு விட்டேன், தலை சுற்றியது.

ஓராண்டு_டிராப்:
அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஏர் பிஸ்டலுக்கும் இதே கறுப்புக் கண்ணாடியைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்!

பத்தின்_உள்வட்டம்:
தெரிகிறது. அடுத்த வாரம் கழற்றிவிட்டுச் சுடுங்கள். கழற்றிவிட்டு என்றால் நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடியோடு. பெல்லட் சிதறித் திரும்பி வரும்.

பச்சை_எது_சிவப்பு_எது:
ரொம்ப நாளாகப் படிப்பதோடு நிறுத்திக்கொள்பவன், இப்போது கேட்கிறேன். எனக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. மரத்துக்கு முன்னால் ஆரஞ்சு வட்டு எனக்குக் கிட்டத்தட்ட மறைந்தே போகிறது. வெர்மிலியன் லென்ஸ் உதவும் என்று ஒருவர், கெடுக்கும் என்று இன்னொருவர். எதை நம்புவது?

லென்ஸ்_மேசை:
இரண்டு பேரும் பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார்கள். வேறு வேறு கண்களை வைத்து.

இந்தக் குறைபாட்டில் இரண்டு கிளை உண்டு. ஒன்றில் பச்சையை உணரும் கூம்புகளில் கோளாறு. அவர்களுக்குச் சிவப்பின் வெளிச்சம் குறையாது, பச்சையோடு குழம்பும். சிவப்பை விட்டுப் பச்சையை வெட்டும் லென்ஸ் போட்டால் மரம் இருண்டு போகும், வட்டு வெளிச்சமாக நிற்கும்; நிறத்தில் தெரியாத வித்தியாசம் வெளிச்சத்தில் தெரியும். நன்றாகவே உதவக்கூடும். இன்னொரு கிளையில் சிவப்பை உணரும் கூம்புகளில் கோளாறு. அவர்களுக்குச் சிவப்பே இருட்டாகத் தெரியும். அவர்கள் கண்ணில் சிவப்பு லென்ஸ் மாட்டினால் தெரிகிற பச்சையையும் பிடுங்கிக்கொண்டு தெரியாத சிவப்பை மட்டும் கொடுத்த மாதிரி. எல்லாமே இருண்டுவிடும்.

நீங்கள் எந்தக் கிளை என்று கண் பரிசோதனையில் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு ரூபாய்கூட லென்ஸில் போடாதீர்கள். இரண்டாவது கிளை என்றால் மஞ்சளோ வெள்ளையோ வட்டு போடும் ரேஞ்ச் கிடைத்தால் அது எந்த லென்ஸையும்விட மேல்.

பச்சை_எது_சிவப்பு_எது:
நன்றி சார். இத்தனை வருடத்தில் யாரும் இப்படிப் பிரித்துச் சொன்னதில்லை.

மூன்றாம்_நிலை:
வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் ஒன்றே ஒன்று வாங்கினால் இவ்வளவு தலைவலி இல்லையே?

பழைய_இரட்டைக்குழல்:
நானும் அந்தக் கனவோடு வாங்கினேன். அது மாறுவது புற ஊதாவால். கூரைக்குக் கீழே நின்று வெளியே வெளிச்சத்தைப் பார்த்துச் சுட்டால் லென்ஸுக்குப் போதிய புற ஊதா கிடைக்காது, வெளுத்தே இருக்கும், கண் கூசும். கறுக்க ஒரு நிமிடம் என்றால் வெளுக்கப் பல நிமிடம். வெக்கையில் முழுசாகக் கறுக்காது, குளிரில் கறுத்தால் லேசில் வெளுக்காது. ஸ்போர்ட்டிங்கில் ஒரு நிலை வெட்டவெளி, அடுத்த நிலை அடர்ந்த மரத்தடி. நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்து இரண்டு ஜோடி சுட்டு முடிக்கும்போதுதான் அது யோசிக்க ஆரம்பிக்கும். நடைப்பயிற்சிக்கு அருமையான கண்ணாடி. அதற்குத்தான் இப்போது போடுகிறேன்.

லென்ஸ்_மேசை:
போலரைஸ்டு பற்றியும் யாராவது கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே: தண்ணீர், ஈரத்தரை, வண்டிக் கண்ணாடி போன்றவற்றின் பளபளப்பை அது வெட்டும். வட்டின் மேல் சூரியன் பட்டு மின்னும் கீற்றையும் சேர்த்து வெட்டக்கூடும், சிலர் வட்டைப் பிடிப்பதே அந்தக் கீற்றை வைத்துத்தான். மின்னணு இலக்கின் திரையைச் சில கோணத்தில் பார்த்தால் கறுத்துப் போகும். மீன் பிடிக்க நல்லது.

வார_விடுப்பு:
ரெட் டாட் (சிவப்பு ஒளிப்புள்ளியைக் காட்டும் குறிக்கருவி) வைத்துச் சுடுகிறேன். வெளிறிய பச்சை லென்ஸ் போட்டதும் புள்ளி மங்கிவிட்டது, பேட்டரி தீர்ந்ததென்று மாற்றினேன், அப்படியும் மங்கல்தான். இப்போது புரிகிறது.

லென்ஸ்_மேசை:
ஆம். பச்சை லென்ஸ் சிவப்புப் புள்ளியைத் தின்னும், சிவப்பு லென்ஸ் பச்சைப் புள்ளியைத் தின்னும். டாட் வைத்தவர்களுக்குச் சாம்பல்தான் நடுநிலை.

கைவேலை:
இத்தனை நிறம் விலை கொடுத்து வாங்குவதற்குப் பதில் நிறமில்லாத லென்ஸை வாங்கித் துணிச்சாயம் கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் வேண்டிய அடர்த்திக்கு எடுத்துக்கொள்ளலாமே. இணையத்தில் பார்த்தேன்.

லென்ஸ்_மேசை:
தயவுசெய்து வேண்டாம். சாதாரணப் பவர் கண்ணாடி பிளாஸ்டிக் சாயத்தைக் குடிக்கும். சுடுதல் கண்ணாடி பாலிகார்பனேட். அது சாயத்தை லேசில் ஏற்காது, ஏற்பதெல்லாம் மேல் பூச்சுதான். சூட்டிலும் கரைப்பான்களிலும் போட்டால் கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கோட்டு விரிசல் விடும், அதற்குப் பிறகு அது பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. அசிட்டோன், அம்மோனியா கலந்த துடைப்பான்கூட ஆகாது.

நிறத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம், ஆனால் லென்ஸ் முதலில் கண்ணைக் காக்க வேண்டும். ஃபிரேமிலும் லென்ஸிலும் இசட் 87 என்ற எழுத்தும் பக்கத்தில் கூட்டல் குறியும் இருக்கிறதா பாருங்கள். அந்த அமெரிக்கத் தரத்தில் கால் அங்குல எஃகு குண்டை நொடிக்கு 150 அடி வேகத்தில் அடித்துச் சோதிப்பார்கள். பழைய ஐரோப்பியத் தரத்தில் எஃப் என்றால் நொடிக்கு 45 மீட்டர், பி என்றால் 120. நிறத்தை மட்டும் பார்த்து வாங்கிய நாகரிகக் குளிர்கண்ணாடிக்கு இந்த உறுதி எதுவும் இல்லை. இன்னொரு மூடநம்பிக்கை: இருட்டு லென்ஸ்தான் புற ஊதாவைத் தடுக்கும் என்பது. பாலிகார்பனேட் நிறமே இல்லாமல் அதைத் தடுத்துவிடும்.

பழைய_இரட்டைக்குழல்:
உடைந்த வட்டின் சில்லு ஒன்று பக்கத்துத் தளத்திலிருந்து வந்து என் லென்ஸில் பட்டுத் தெறித்த தழும்பு இன்னும் இருக்கிறது. லென்ஸை மாற்றிவிட்டேன், தூக்கிப்போட மனசு வரவில்லை.

ஓராண்டு_டிராப்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன்.

முதலில் போனில் அளந்தேன். என் கறுப்புக் கண்ணாடி 11 சதவீதம். லென்ஸ் மேசை சார் கண்ணால் பார்க்காமலே சொன்னதற்கு ஒன்றுதான் குறைவு. கழற்றி மாட்டும் ஃபிரேம் வைத்திருக்கும் ஒருவரிடம் மூன்று லென்ஸ் இரவல் வாங்கினேன். மெல்லிய பிரவுன், என் அளவில் 35 சதவீதம். ரோஸ், 55. நிறமில்லாதது.

சுடாமல் பார்ப்பதிலேயே ஒரு நாள் செலவழித்தேன். மற்றவர்கள் சுடும்போது பின்னால் நின்று, வட்டு கிளம்பியதும் எங்கே முதலில் கண்ணில் படுகிறது என்று மட்டும் கவனித்தேன். மாலையில் கறுப்பில் மரவரிசைக்கு மேலே. ரோஸில் மரவரிசைக்கு நடுவே. நிறமில்லாததிலும் ஏறத்தாழ நடுவேதான், ஆனால் ரோஸில் இன்னும் துல்லியம். மதியம் ரோஸ் கொஞ்சம் கூசியது, பிரவுன் சரியாக இருந்தது. மாட்டிய உடனே உலகம் ரோஜா நிறமாகி எரிச்சலாக இருந்தது, ஐந்து நிமிடத்தில் மறந்துபோனேன். கழற்றியதும் எல்லாம் பச்சையாகத் தெரிந்ததுதான் வேடிக்கை.

ஸ்கோர்: மாலையில் ரோஸோடு 17, 18, 16. மூன்று சுற்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று தெரியும், ஆனால் வட்டைத் தேடுகிற பதற்றம் போய்விட்டது. மதியம் பழைய 19, 20 தான், பிரவுன் அதைக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. பிஸ்டலுக்கு நிறமில்லாதது. அக்கா, முன்குறி ஓரம் வெட்டி வைத்த மாதிரி தெரிகிறது.

கழற்றி மாட்டும் ஃபிரேமும் இந்த மூன்று லென்ஸும் வாங்கப் போகிறேன். ஊதா, வெர்மிலியன், அம்பர் எல்லாம் வேறு ரேஞ்சுக்குப் போகும்போது பார்த்துக்கொள்கிறேன்.

பத்தின்_உள்வட்டம்:
மகிழ்ச்சி தம்பி. லென்ஸ் மாற்றிய கையோடு முதல் வட்டுக்கு நிற்காதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தைக் கண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தோட்டா_மிச்சம்:
ஆக மூன்று. நான் சொன்னது இரண்டு. ஒன்றில்தான் தோற்றேன்.

லென்ஸ்_மேசை:
மூன்று லென்ஸையும் தனித்தனி உறையில் வையுங்கள். ஒரு பையில் மொத்தமாகப் போட்டால் ஒன்றையொன்று உரசிக் கோடாகும், பாலிகார்பனேட் அந்த விஷயத்தில் ரொம்ப மென்மை. வெடிமருந்துத் தூசி படிந்திருந்தால் முதலில் தண்ணீரில் அலசுங்கள், அப்புறம் துடையுங்கள். சட்டை நுனியில் மட்டும் துடைக்காதீர்கள்.

ஓராண்டு_டிராப்:
சார், இரவல் வாங்கிய ரோஸை நேற்று சட்டை நுனியில்தான் துடைத்தேன். இரண்டு கோடு விழுந்திருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.